பட்டுக்கனி வீட்டு வெளிச்சம்

உப்பளங்களுக்கு நடுவில் அரசாங்கம் நாற்பது வீடுகளைக் கட்டிக் கொடுத்தபோது எல்லாவற்றையும் ஒன்றுபோலத்தான் கட்டிக் கொடுத்தது. ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே நீலக் கதவு, அடுப்பு வைக்க ஒரே அளவில் ஒரு மூலை. கரண்டுக் கம்பி மெயின் ரோட்டோடு நின்றுபோனதால் ஒவ்வொரு மொட்டைமாடியிலும் தெற்கே முகம் காட்டிச் சாய்ந்து நிற்கிற ஒரு சோலார் தகடு, கீழே ஒரு பேட்டரி, ஐந்து பல்பு, ஒரு மின்விசிறி, எல்லாம் இலவசம். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, சூரியன் எல்லாருக்கும் பொது, அதனால் இந்த வெளிச்சமும் எல்லாருக்கும் பொது என்று பேசினார், சனங்கள் கைதட்டினார்கள், பட்டுக்கனியும் கைதட்டினாள், தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவள், பக்கத்து வீட்டுத் தகடு தன் வீட்டுத் தகட்டைவிட ஒரு விரற்கடை கூடுதலாகச் சாய்ந்திருப்பதைக் கண்டுவிட்டாள். அன்றைக்கு விருந்தில் வைத்த கேசரி அவளுக்கு இனிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தங்கபுஷ்பம் அவளுக்கு ஓரகத்தி. பட்டுக்கனியின் புருஷன் பொன்பாண்டியும் தங்கபுஷ்பத்தின் புருஷன் லிங்கத்துரையும் அண்ணன் தம்பி என்பதால், நடுவில் ஒரே சுவர் வருகிற இரட்டை வீடாகப் பார்த்து ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு பெண்களும் விடியுமுன்னே ஒரே உப்பளத்துக்கு நடந்தார்கள், அடுத்தடுத்த பாத்தியில் உப்பு வாரினார்கள், ஒரே கூலி வாங்கினார்கள், வெயில் ஏறி உப்பின் வெள்ளை கண்ணைக் குத்த ஆரம்பித்ததும் ஒன்றாகவே திரும்பினார்கள். பார்க்கப்போனால் பட்டுக்கனியிடம்தான் ஒன்று கூடுதலாக இருந்தது. அவளுக்கு டவுன் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படிக்கிற ஒரு மகன் உண்டு. தங்கபுஷ்பத்துக்குப் பிள்ளை இல்லை. "ஒனக்கென்னளா கொறை?" என்று பொன்பாண்டி கேட்பான். தங்கபுஷ்பம் வாரிக் குவித்த உப்பு தான் குவித்ததைவிட வெள்ளையாக இருந்ததைச் சொல்வதா? ஒரே ஓடையோரத்தில் நடுகிற முருங்கைக் கம்பில் அவளுடையது மட்டும் துளிர்ப்பதைச் சொல்வதா? தலைக்கு வைக்கிற கனகாம்பரம் அவள் கொண்டையில் சாயங்காலம்வரை வாடாமல் இருப்பதைச் சொல்வதா?

எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்பு. லிங்கத்துரை உப்பு லாரியில் மலையாள நாட்டுக்கு லோடு போகிறவன், எப்போது வருகிறான் எப்போது போகிறான் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வருவான், விடியுமுன் போய்விடுவான். ஆனால் விளக்கு வைத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தணிந்த குரலில் ஒரு பேச்சு, அதற்கு மெல்ல ஒரு பதில், அப்புறம் தங்கபுஷ்பத்தின் சிரிப்பு, அடக்கி அடக்கி முடியாமல் உடைந்து வருகிற சிரிப்பு. இந்தப் பக்கத்தில் பொன்பாண்டி சோற்றைத் தின்றுவிட்டு, மோரைக் குடித்துவிட்டு, நாளைக்கு மழை வருமா வராதா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாயை விரிப்பான். நல்ல மனுசன்தான். பட்டுக்கனி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள், அவள் அடிவயிற்றில் ஒரு தீக்குச்சியைக் கிழித்ததுபோல் சுருக்கென்று ஒன்று பற்றும், பற்றி நெஞ்சுவரை ஏறும், நாக்கில் உப்பு கரிக்கும்.

அந்த வருசம் ஐப்பசியில் வானம் மூடியது மூடியதுதான், திறக்கவில்லை. நாற்பது தகடுகளும் வெயிலுக்கு ஏங்கி மழையில் நனைந்துகொண்டு நிற்க, பேட்டரிகள் ஒவ்வொன்றாக இறங்கி, காலனி வீடு வீடாக இருண்டுகொண்டே வந்து, கடைசியில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் நின்றது. அது பட்டுக்கனி வீடு. ஐந்து பல்பும் எரிந்தன, மின்விசிறி குளிரில் நிறுத்த நிறுத்தச் சுற்றியது. யாரும் அதிசயப்படவில்லை. இருட்டில் கிடக்கிறவர்களுக்கு வெளிச்சம் எங்கே என்பதுதான் கேள்வி, எப்படி என்பது இல்லை. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், ஆண்கள் போனைச் சார்ஜ் போட வந்தார்கள், பெண்கள் அரிசியில் கல் பொறுக்க முறத்தோடு வந்தார்கள். ஒருநாள் சோலார் மெக்கானிக்கும் வேனில் வந்து, மாடிக்கு ஏறி, கடற்காக்கை எச்சம் படிந்து வெயில் படாமல் கிடந்த தகட்டையும் கீழே நிறைந்து வழிகிற பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லா இருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, தன் போனையும் சார்ஜ் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

விசயத்தைக் கண்டுபிடித்தவள் எஸ்தர். காலனி முனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவள். பாலும் ஐஸும் கெட்டுப்போய்க்கொண்டிருந்த அவளுடைய சின்ன ஃபிரிட்ஜுக்காக, பட்டுக்கனி வீட்டு வெளிச்சம் எப்போது கூடுகிறது எப்போது குறைகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தவள். அன்றைக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது தங்கபுஷ்பம் புதுக் கொலுசைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அவரு வாங்கிட்டு வந்தாருக்கா, பாலக்காட்டுல," என்று காலை லேசாகத் தூக்கிக் காட்டினாள். முத்து வைத்த கொலுசு.

"நல்லாருக்கு," என்றாள் பட்டுக்கனி.

ஐந்து பல்பும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்தன. உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்ததுபோல் எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டார்கள், முறத்தில் கிடந்த கல்லும் நெல்லும் தனித்தனியாகத் தெரிந்தன. தங்கபுஷ்பம் கொலுசு சிணுங்கத் தன் வீட்டுக்குப் போன பிறகு வெளிச்சம் பழையபடி மஞ்சளுக்கு இறங்கியது.

எஸ்தர் சுற்றி வளைக்கிறவள் இல்லை. "மைனி, ஒங்களுக்கு வயிறு எரியும்போதுதான் பல்பு எரியுது," என்றாள்.

பட்டுக்கனிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்துவிடுவார்கள், காறித் துப்புவார்கள் என்று நினைத்தாள். ஆனால் அங்கே இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் ஒருத்தி கேட்டாள்: "அப்போ எங்க வீட்டுக்கும் ஒரு வயரு இழுத்துக்கிடலாமா?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மறுநாளே பட்டுக்கனி வீட்டு மாடியிலிருந்து நாலு திசைக்கும் வயர்கள் போயின. வீட்டுக்கு ஒரு பல்பு, தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பெரிய விளக்கு, எஸ்தர் கடைக்கு ஃபிரிட்ஜு. வெளிச்சம் மங்குகிறபோதெல்லாம் யாராவது ஒருத்தி தன் வீட்டு நல்ல சேதியை எடுத்துக்கொண்டு பட்டுக்கனியிடம் வருவாள். மகளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது மைனி, மாப்பிள்ளை கப்பலில் வேலை. பேரன் பேச ஆரம்பித்துவிட்டான், முதல் வார்த்தையே என் பேரைத்தான் சொன்னான். என் ஆடு மூன்று குட்டி போட்டிருக்கிறது, மூன்றும் பெட்டை. சொல்லிவிட்டு எல்லாரும் பல்பையே அண்ணாந்து பார்ப்பார்கள். அது பளிச்சென்று ஒரு தடவை கூடி எரியும், வந்தவள் பெருமையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போவாள். அதுவரை யாருமே கேட்டிராத சந்தோசங்களையெல்லாம் பெண்கள் தூசி தட்டி எடுத்தார்கள். இத்தனை நாளும் கண் பட்டுவிடும் என்று மூடி மூடி வைத்ததை இப்போது கண்படட்டும் என்றே கொண்டுவந்து காட்டினார்கள்.

சந்தனமாரி என்று ஒருத்தி, அந்த வரிசையில் கடைசி வீட்டுக்காரி. அவள் புதிதாகத் தையல் மிஷின் வாங்கியிருந்தாள், அதைப் பற்றிச் சொல்ல வந்தாள். மிதித்தால் எப்படி ஓடுகிறது, நூல் எப்படி அறாமல் வருகிறது, பக்கத்தில் தங்க எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாம் சொன்னாள். பல்பு அசையவில்லை. "காலுல மிதிக்கவே வேண்டாம் மைனி, மோட்டாரும் உண்டு," என்றாள். பல்பு அப்படியே இருந்தது. பட்டுக்கனி தன்னால் ஆனமட்டும் முயன்றாள், கண்ணை மூடிக்கொண்டு அந்த மிஷினை நினைத்தாள், அது வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தாள், வயிறு பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. சந்தனமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்போ எம் பொழப்புல பொறாமைப்படுததுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து காலனியில் ஒரு புதுப் பேச்சு வந்துவிட்டது: அவளுக்குப் பல்பு எரிந்தது, இவளுக்கு எரியவில்லை.

ஆனால் யார் என்ன கொண்டுவந்தாலும் தங்கபுஷ்பத்துக்கு ஈடாகவில்லை. மற்றவர்களின் சேதிக்கு ஒரு வீடு எரியும், இரண்டு வீடு எரியும். அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வாசலில் சும்மா நடந்தால் போதும், நாற்பது வீடும் எரிந்து, தொட்டி விளக்கும் எரிந்து, எஸ்தரின் ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டும். "ஏ தங்கம், ஒரு வாட்டி போயிட்டு வாட்டி, பிள்ளைகளுக்குப் பரீட்சை," என்று பெண்கள் அவளை அனுப்பினார்கள். அவளும் சாயங்காலமானால் முகம் கழுவிப் பொட்டு வைத்து, கொலுசு போட்டு, ஓரகத்தியின் வாசலில் கிழக்கே ஒரு நடை, மேற்கே ஒரு நடை நடந்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் நடந்துகொண்டே இருந்தவள் நின்றுவிட்டாள்.

"என்னையக் கண்டா அம்புட்டா எரியுது ஒங்களுக்கு?"

பட்டுக்கனி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். தலைக்கு மேலே பல்பு, சொல்லாதே என்பதுபோல் கூடி எரிந்தது.

"நான் ஒங்களுக்கு என்னக்கா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலட்டி," என்றாள் பட்டுக்கனி, அது நிசம். தங்கபுஷ்பம் அந்த வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பட்டுக்கனி முதுகைச் சாய்த்துக் காத்திருந்தாள். வராதது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

கார்த்திகை பிறந்து புயல் வந்தது. வெளியூர்களில் கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டுவிட்டு வந்த காற்று, உப்பளத்தில் மலைபோல் குவித்து மூடிவைத்திருந்த உப்பு அம்பாரங்களின் தார்ப்பாயைப் பிடித்து இழுக்கிறது என்று ஆள் வந்து சொல்ல, காலனி ஆண்களில் பாதிப் பேர் கயிற்றையும் கல்லையும் எடுத்துக்கொண்டு மத்தியானமே போனார்கள். ஒரு வருசத்து உழைப்பு அம்பாரமாக நிற்கிறது, கரைந்துபோனால் எல்லாருக்கும் பட்டினி. பொன்பாண்டி போனான். லாரி ஓட்டம் இல்லாமல் அன்றைக்கு வீட்டில் இருந்த லிங்கத்துரையும் போனான். அவர்கள் போன பிறகுதான் ஓடை உடைத்துக்கொண்டது. பாத்தியும் வரப்பும் பாதையும் ஒன்றாகி, கண்ணுக்கு எட்டியமட்டும் ஒரே தண்ணீராகி, மழையும் சேர்ந்து சாயங்காலத்தையே விழுங்கிவிட்டது. எஸ்தரின் போனுக்கு ஒரே ஒரு அழைப்பு வந்தது, பொன்பாண்டியின் குரல்: "காலனி எந்தப் பக்கம்னு தெரியல, ஒண்ணும் தெரியல. தொட்டி லைட்டப் போடுங்க, அதப் பாத்து வாரோம்." அத்தோடு போன் நின்றுபோனது. வரப்புத் தெரிந்து நடந்தால் முழங்கால் தண்ணீர். தெரியாமல் காலை வைத்தால் ஓடை, ஓடைக்கு அப்பால் கடல்.

தொட்டி விளக்கு இருண்டுகிடந்தது. எல்லாப் பெண்களும் பட்டுக்கனி வீட்டுக்கு ஓடிவந்தார்கள். அவள் நடுவீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள், மேலே பல்பில் சாம்பல் மூடிய தணல்போல் ஒரு சிவப்பு மட்டும் இருந்தது. பயம் அவள் வயிற்றை நிறைத்துவிட்டது, அங்கே வேறெதற்கும் இடம் இல்லை. பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒருத்தி பேச்சை ஒருத்தி அறுத்துக்கொண்டு சொன்னார்கள்: கப்பல் மாப்பிள்ளை, மூன்று பெட்டைக் குட்டி, பேரன் சொன்ன வார்த்தை. சந்தனமாரி மறுபடியும் மிஷினைச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். பல்பில் ஒரு துளியும் கூடவில்லை. "நான் என்ன செய்வேன், எனக்கு வரமாட்டங்குதே," என்று பட்டுக்கனி வயிற்றில் அடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ஒன்று, வேண்டாத நேரமெல்லாம் கேட்காமல் வந்தது, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது.

அப்போது தங்கபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, பூ இல்லை, கொலுசு இல்லை, சேலை முழங்கால்வரை சேறு. வந்து பட்டுக்கனிக்கு எதிரே சம்மணம்போட்டு உட்கார்ந்தாள். பட்டுக்கனி அவளைப் பார்த்தாள், வாழ்க்கையில் முதல்தடவையாக அவளைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

"அக்கா, நான் சொல்லுததக் கேளுங்க," என்றாள் தங்கபுஷ்பம். பல் நடுங்கியது, ஆனால் குரலைத் தணித்துக்கொண்டாள். "அவரு லோடு எறக்கிட்டு வந்தா மொதல்ல என்ன செய்வாரு தெரியுமா? சோறு கேக்க மாட்டாரு. என் காலத் தூக்கித் தன் மடியில வச்சிக்கிடுவாரு. உப்புல வெடிச்ச வெடிப்பு இருக்குல்லா, ஒவ்வொண்ணுக்கும் வெளக்கெண்ணெ தொட்டு வைப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊரு பேரு. இது கொல்லம், இது கோட்டயம், இது ஆலப்புழன்னு. நான் சிரிச்சா, ஆடாதட்டி, ஊரு அழிஞ்சிரும்னு சொல்லுவாரு."

பல்பில் சிவப்பு கலைந்து மஞ்சள் வந்தது. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டுக்கனி, சேற்றுக்குள்ளிருந்து தெரிந்த அந்தப் பாதங்களைப் பார்த்தாள், தன்னுடையதைப் போலவே வெடித்த பாதங்கள். தன் வெடிப்புகளுக்குப் பேர் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அடிவயிற்றில் எங்கோ ஒரு குச்சி கிழிபட்டது.

"ஒரு நாளு பாலத்து மேல லாரி போவுது, கீழ ஆத்துல நெலா கெடக்கு. லாரி போவ போவ நெலாவும் தண்ணிக்குள்ளேயே கூட வருது. ஒன்னைய அங்க பாத்தேன்னு சொன்னாரு."

தொட்டியின் மேல் விளக்கு உயிர்த்துக் கண் சிமிட்டியது. வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள்: "எரியுது, எரியுது, விடாத தங்கம், சொல்லு!"

"அப்புறம் அந்த யானை. நம்ம அம்மன் கொடை நடந்துதுல்லா, அந்த வாரம் வந்து சொன்னாரு. மலை வளைவுல ஒரு யானை லாரிய மறிச்சிட்டு நிக்கிதாம். ஆரன் அடிச்சும் போவல. அவரு எறங்கி, மூட்டையப் பிரிச்சு ரெண்டு கை உப்ப அள்ளி நீட்டுனாராம். இது எம் பொண்டாட்டி வாருன உப்பு, தின்னு பாருன்னாராம். அது நக்கிப் பாத்திட்டு, தும்பிக்கையத் தூக்கிக் கும்பிட்டுட்டு வழி விட்டுதாம்."

பட்டுக்கனிக்கு அந்த யானை நினைவிருந்தது. கொடைத் திருவிழா வாரத்தில் ஒருநாள், விளக்கு வைத்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் 'யானை' என்று தணிந்த குரலில் ஒரு பேச்சு, அதற்குப் பின்னால் தங்கபுஷ்பம் சிரித்த சிரிப்பு, அவளைத் தூங்கவிடாமல் பண்ணிய சிரிப்பு. நினைவு அங்கேயே நிற்கவில்லை. கொடை வாரத்தில் லிங்கத்துரையின் லாரி அச்சு முறிந்து ஆரியங்காவில் நின்றது. பொன்பாண்டிதான் சாமான் வாங்கிக்கொண்டு போய், கூடவே இருந்து, கொடை முடிந்த பிறகு திரும்பி வந்தான். வந்து, தம்பி ஒரு வார்த்தைகூட வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று சொல்லி வருத்தப்பட்டான். அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டில் ஆண்பிள்ளை என்று யாரும் இல்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பேசியது யார்?

இப்போது எதிரே உட்கார்ந்து, குரலைத் தணித்து, 'தின்னு பாரு' என்று சொன்னாளே, அந்தக் குரல்தான். இரண்டு குரலும் இவளுடையதுதான். ஆள் இல்லாத வீட்டில், தன் காலைத் தானே மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்லி, இத்தனை வருசமும் அவளாகவே சிரித்திருக்கிறாள். கொலுசையும் அவள்தான் கூலியில் மிச்சம்பிடித்து வாங்கியிருப்பாள்.

வெளிச்சம் சரிந்தது. தொட்டி விளக்கு மங்கி, மஞ்சளாகி, சிவப்பாகி இறங்க, வெளியே பெண்கள் அலறினார்கள். பட்டுக்கனியின் கண்ணில் இரக்கம் வந்துவிட்டதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். தனக்குத் தெரிந்துபோய்விட்டது என்பது அவளுக்கும் தெரிந்துபோனதைப் பட்டுக்கனி பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் வாய் ஒரு கணம் நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் அவள் முகம் சுருங்கியது. நிறுத்திவிடுவாள் என்றுதான் பட்டுக்கனி நினைத்தாள். எழுந்து ஓடிவிடுவாள், தான் என்றால் ஓடியிருப்போம்.

தங்கபுஷ்பம் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த யானை அத்தோட விடல அக்கா," என்றாள். "அடுத்த தடவ போவும்போது அதே வளைவுல காத்துக்கிட்டு நின்னுதாம். அவரு கேட்டாராம், என்ன, உப்பு வேணுமான்னு. அது இல்லன்னு தலையாட்டிட்டு, தும்பிக்கைக்குள்ள பத்திரமா வச்சிருந்த ஒரு மலைப்பூவ எடுத்து அவரு கையில வச்சிதாம். வாருனவ தலையில வைக்கச் சொல்லி."

முகம் சுருங்கியபடியே இருந்தது, கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் பட்டுக்கனி சுவர் வழியே கேட்டிருக்கிறாள், இதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் அவளுக்குள் இரக்கம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அரசாங்கம் இரண்டு பேருக்கும் ஒரே சுவரைத்தான் கொடுத்தது. இந்தப் பக்கம் இருந்தவள், பக்கத்திலேயே ஒரு நல்ல மனுசனை வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காதை வைத்தாள். அந்தப் பக்கம் இருந்தவள் அதே வெறும் சுவரிலிருந்து ஒரு புருசனை எடுத்தாள், ஓர் ஆற்றை எடுத்தாள், நிலாவை, யானையை, யானை கொடுத்த பூவை எடுத்தாள், யாரிடமும் எதுவும் கேட்காமல் எடுத்தாள், இதில் எதையுமே கொடுக்காத புருசன் உயிரோடு திரும்பி வரவேண்டும் என்று அத்தனை பேருக்கு முன்னால் வெட்கத்தைவிட்டு அதை எடுத்து வைக்கிறாள். இது எங்கிருந்து வருகிறது இவளுக்கு? எனக்கு ஏன் வரவில்லை? இதை எந்தக் கடையில் வாங்குவது, எந்த விழாவில் கொடுப்பார்கள்?

இதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்பதுபோல் ஒன்று அவள் வயிற்றில் மூண்டது.

காலனியே வெள்ளையாகியது. ஐந்து பல்பும், நாற்பது வீட்டுப் பல்பும், தொட்டி விளக்கும் ஒன்றாக வெடித்துவிடுவதுபோல் எரிந்தன, வயர்கள் விம்மின, விடிந்துவிட்டதென்று கடற்காக்கைகள் எழும்பிப் பறந்தன, தண்ணீருக்கு அடியில் வரப்புகள் ஒவ்வொன்றும் வகிடு எடுத்ததுபோல் தெரிந்தன. வெகுதூரத்தில் அம்பாரத்தின் அருகே, கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒருவன் பின்னால் ஒருவனாக ஆண்கள் நிற்பது தெரிந்தது. அவர்கள் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அதை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை தங்கபுஷ்பம் நிறுத்தவில்லை. பட்டுக்கனியும் அவள் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாரும் வந்துவிட்டார்கள். பொன்பாண்டி வாசலில் நடுங்கிக்கொண்டு நின்று, "ஒன் வெளிச்சத்தப் புடிச்சிக்கிட்டேதான் வந்தோம்ளா," என்றான். பட்டுக்கனி துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள், துவட்டிக்கொண்டே அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். லிங்கத்துரை தன் வீட்டுப் படியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். "சோறு ஆக்கிட்டியா?" என்று கேட்டான். ஆக்கவில்லை என்று தெரிந்ததும் ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போனான். தங்கபுஷ்பம் அவன் பின்னாலேயே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

புயல் கரை கடந்து, வானம் கழுவிவிட்டதுபோல் ஆயிற்று. நாற்பது தகடுகளும் வெயிலைக் குடித்தன, அவரவர் பல்பு அவரவர் வீட்டில் எரிந்தது. எஸ்தர் மட்டும் வயரை அறுக்கவிடவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். லிங்கத்துரை லோடு போய்விட்டான். பட்டுக்கனி பாத்தியில் பக்கத்தில் நின்று உப்பு வாருகிறவளை ஓரக்கண்ணால் பார்ப்பாள். தங்கபுஷ்பம் நிமிரமாட்டாள், பேசமாட்டாள், கூட நடந்து வரமாட்டாள். விளக்கு வைத்த பிறகு சுவர் வெறும் சுவராக இருந்தது. பட்டுக்கனி அதில் காதை வைத்தாள், இரண்டு நாள் வைத்தாள், பத்து நாள் வைத்தாள், கேட்டது தன் மூச்சுதான். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான்தான் அதைக் கெடுத்துவிட்டோம், பார்த்தே கெடுத்துவிட்டோம் என்று நினைத்து நினைத்து, ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் எழுந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள்.

தங்கபுஷ்பம் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பட்டுக்கனி கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். இரண்டாவது கொத்தையும் உருவி முடித்தாள்.

"ஏட்டி," என்றாள் கடைசியில். "அந்த யானை பொறவு என்ன ஆச்சு?"

தங்கபுஷ்பத்தின் கை நின்றது. "எந்த யானை?"

"பூ குடுத்த யானைதான்."

"அதெல்லாம் பொய்யிக்கா. ஒங்களுக்குத் தெரியும்."

"அது எனக்குத் தெரியும். பொறவு என்ன ஆச்சுன்னுதான் கேக்கேன்."

தங்கபுஷ்பம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், கேலி இருக்கிறதா, இரக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இரண்டும் இல்லை. இருந்தது அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்றுதான். கீரையை மடியிலிருந்து முறத்துக்குத் தள்ளிவிட்டு, உப்பளத்தின் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு ஒரு குட்டி இருந்துது," என்று ஆரம்பித்தாள் மெல்ல. "உப்பு ருசி கண்டதுலருந்து அது பால் குடிக்க மாட்டங்குது. தாய் யானை ரோசிச்சிப் பாத்திட்டு, ஒரு நாளு குட்டியக் கூட்டிக்கிட்டு மலைய விட்டு எறங்கி, ஊரு ஊரா வெசாரிச்சிக்கிட்டு, நம்ம காலனிக்கே கெளம்பிட்டு..."

பட்டுக்கனியின் அடிவயிற்றில் சுருக்கென்று பற்றியது. அவள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ம்," என்றாள். "வந்துதா?"